காட்டிற்குப் போகும் குடும்பத்தாருக்கு



சனிக்கிழமை விடியற்காலையில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையையோ, தாம்பரத்திற்கு அப்பாலுள்ள சாலையையோ பார்த்தவர்கள் ஒரு புதுமையைக் கவனித்திருப்பார்கள். திருமணத்திற்கும் அன்று, திருத்தலத்திற்கும் அன்று, சொந்த ஊருக்கும் அன்று. முதுகில் பையும் காலில் தடித்த காலணியுமாகக் குடும்பங்கள் புறப்படுகின்றன. எங்கே என்று கேட்டால் காட்டிற்கு என்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் நடப்பதற்கு என்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இது விளங்கவில்லை. சென்ற மாதம் பங்கு இல்லத்திற்கு வந்த மூதாட்டி ஒருவர், தம் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் மாதந்தோறும் இவ்வாறு கிளம்பிவிடுவதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். "சாமி, நீங்களாவது சொல்லக் கூடாதா? விறகு பொறுக்கத்தான் நாங்க காட்டுக்குப் போனோம். இவுங்க என்னத்துக்குப் போறாங்க?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஒரு தலைமுறை எந்த உழைப்பிலிருந்து விடுபட்டு நகரத்திற்கு வந்ததோ, அதே மேட்டிலும் முள்ளிலும் அடுத்த தலைமுறை காசு கொடுத்து நடக்கிறதென்றால் யாருக்குத்தான் வியப்பாக இராது?

போகட்டும் என்பதே என் கருத்து. ஆனால் எப்படிப் போகிறார்கள், யாருடைய இடத்திற்குப் போகிறார்கள் என்பவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

நகரத்து உழைப்பு உடலைவிடக் கவனத்தையே மிகுதியாகத் தேய்க்கிறது. சாலையைக் கடக்கும்போது கவனம். சிவப்பு விளக்கில் கவனம். அலுவலகத்தில் திரையின்மேல் கவனம். வீடு திரும்பினால் கைப்பேசி ஒலிக்குந்தோறும் கவனம். இவை ஒவ்வொன்றிலும் நாம் மனத்தைப் பிடித்திழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் தம்பதியர் 1989இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை விளக்கினார்கள். வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப் போகும் தன்மையது; அது களைத்தபின் மனிதன் எளிதில் எரிச்சலடைகிறான். மரத்தின் அசைவும், நீரின் ஓட்டமும், மேகத்தின் நகர்வும் நம் கவனத்தை வலியாமல் தாமே மெல்ல ஈர்த்துக்கொள்கின்றன. அந்நேரத்தில் களைத்த கவனம் ஓய்வு பெறுகிறது. மாலையில் வீடு திரும்பும் தந்தை அற்பக் காரணத்திற்காகப் பிள்ளைமீது ஏன் சீறுகிறார் என்பதற்கு, ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கும் விடைகளைவிட இது தெளிவான விடையாக எனக்குப் படுகிறது.

இதற்கு முன்பே, 1984இல், ரோஜர் உல்ரிச் என்பவர் சிறியதொரு ஆய்வை வெளியிட்டிருந்தார். பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். 23 பேருடைய அறைச் சன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருக்குச் செங்கற்சுவர். மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரு மருத்துவமனை, 46 நோயாளிகள். இதைக்கொண்டு உலகை அளந்துவிட முடியாது. எனினும் சுவரையே பார்த்து வாழும் நம் அடுக்குமாடிக் குடும்பங்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஜப்பான் நாட்டு வனத்துறையோ 1982ஆம் ஆண்டிலேயே 'ஷின்ரின் யோகு' என்று ஒரு பெயரைக் கொடுத்து, காட்டில் மெல்ல நடந்து வருமாறு மக்களை ஊக்குவிக்கத் தொடங்கியது. வனத்தில் நீராடுதல் என்பது அதன் பொருள். குளிப்பது என்றால் தண்ணீரில் ஓடுவதன்று, மூழ்கி நிற்பது. நம்மவர்கள் பலர் இதை மறந்து, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணித்துளி என்று காட்டிலும் கணக்கெழுதுகிறார்கள்.

இவையெல்லாம் அயல்நாட்டு மோகம் என்று தள்ளிவிடுவாரும் உளர். அவர்களுக்கு ஒரு சொல்: கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் பெயர் சொல்லி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எத்தனையை இன்று நாம் கண்ணால் கண்டு பெயர் சொல்லுவோம்? மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் பத்துப் பூக்களின் பெயரை எழுதச் சொன்னேன். ரோஜா, மல்லிகை, தாமரை என்று தொடங்கி ஆறாவது ஏழாவதிலேயே பலர் பேனாவைக் கடிக்கத் தொடங்கினார்கள். கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் 'பிளாஸ்டிக் பூ' என்று எழுதி எண்ணிக்கையை நிறைவு செய்திருந்தான்.

சரி, எங்கே போவது? மலையேற்றம் என்றவுடன் கொடைக்கானலும் உதகையும் குடகும் நினைவிற்கு வருகின்றன. ஓர் இரவுப் பயணம், ஒரு பகல் நடை, மறுபடி ஓர் இரவுப் பயணம். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் தூக்கம். இதனை ஓய்வு என்று சொல்ல என் நா எழவில்லை. ஆண்டிற்கு ஒருமுறை தொலைவில் போய்வருவதைவிட, மாதத்திற்கு ஒருமுறை அண்மையில் அரைநாள் நடந்துவருவதே குடும்பத்திற்கு ஏற்றது.

சென்னைக்கு அண்மையில் காடு ஏது என்பீர்கள். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பால், அல்லிக்குழி மலைப்பகுதியில் குடியம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து முட்புதர்க் காட்டின் வழியே ஒரு மணி நேரத்திற்கு மேல் நடந்தால் குடியம் குகைகளை அடையலாம். அது ஓங்கிய மரங்கள் நிறைந்த காடு அன்று. காரையும் சூரையும் களாவும் ஆவாரையும் இடுப்பளவிலும் தலையளவிலும் நிற்கும் வறண்ட காடு. முதலில் பார்ப்பவர் 'இதற்கா வந்தோம்' என்று முகஞ் சுளிப்பார். மழை முடிந்த பருவத்தில் அரைமணி நேரம் பேசாமல் நடந்தால் காடு தானாகத் திறந்துகொள்ளும். செம்போத்தின் குரல் ஒருபுறம். இலைகளை ஒட்டித் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் மறுபுறம். கொண்டைக்குருவி உதிர்த்த பழத்தோல் காலடியில். வழியின் முடிவில், கூழாங்கற்களைக் குழைத்து வைத்தாற்போன்ற பெரும்பாறை குடையாகக் கவிந்து நிற்கிறது. அதன் அடியில் வீசும் குளிர்காற்றிற்காகவே மீண்டும் போகலாம்.

அந்த இடத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1863ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொசத்தலையாற்றுப் பகுதியிலுள்ள அதிரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். அதிரம்பாக்கத்தில் கிடைத்த மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குடியமும் அப்பழைய மாந்தர் வாழ்ந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது; போகும்போதோ திரும்பும்போதோ பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி ஏரியின் கரையிலும் சற்று நிறுத்துங்கள். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. குழாய்க்கு அப்பால் ஓர் ஏரி உண்டு, ஏரிக்கு அப்பால் ஒரு காடு உண்டு என்பதைப் பத்து வயதில் கண்ணால் கண்ட பிள்ளை எளிதில் மறக்காது.

இனிச் சொல்வது மனத்திற்கு வருத்தம் தருவது. ஆயினும் சொல்லாமல் விடுதல் தகாது. 2018 மார்ச் 11ஆம் நாள், அதுவும் வார இறுதிதான், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைக்குச் சென்றிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து போனவர்களும் கொங்குப் பகுதியிலிருந்து போனவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அன்றும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளம்வயதினர், புதிதாக மணமானவர்களும் இருந்தார்கள். நகரத்திலிருந்து இரண்டு நாள் விடுபட எண்ணிச் சென்ற, நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். உள்ளூர் மக்கள் மலையேறிச் சென்று காயமுற்றவர்களைத் தூக்கிவர உதவினார்கள்.

மார்ச்சு மாதம் என்பதைக் கவனியுங்கள். மழை நின்று இரண்டு மூன்று திங்கள் கழிந்தபின் மலைச்சரிவில் ஆளுயரப் புல் வைக்கோலாய்க் காய்ந்து நிற்கும். சமதரையைவிடச் சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாக ஏறும். மேட்டை நோக்கி ஓடுபவரை அது எட்டிப்பிடித்துவிடும். இது மலையில் பிறந்த சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. பட்டணத்தில் பட்டம் பெற்றவருக்குத் தெரியாது. அவ்வாண்டிலேயே அரசு மலையேற்றத்திற்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடெங்கும் 40 பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவு செய்து, உள்ளூர் இளைஞர்களின் வழிகாட்டலோடு நடக்கும் ஏற்பாட்டையும் தொடங்கியது. தீப்பருவத்தில் பாதைகளை மூடுகிறார்கள். மூடியிருக்கும் காலத்தில், 'எனக்குத் தெரிந்த ஒருவர் வேறு வழியாகக் கூட்டிப்போவார்' என்று யாரேனும் சொன்னால், அன்பர்களே, அவரோடு போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். கல்லூரி மாணவர்களின் பெற்றோருக்கு இதனை அழுத்திச் சொல்கிறேன்: எந்தப் பாதை, யார் அனுமதி, யார் வழிகாட்டி என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்ற பின்னரே பயணச் செலவிற்குப் பணம் கொடுங்கள்.

வழிகாட்டி என்றேன். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். வழிகாட்டியைத் தேவையற்ற செலவு என்று கருதுகிறவர்கள் நம்மிடையே பலர். கையில் கைப்பேசி இருக்கிறது, அதில் வரைபடம் இருக்கிறது, பின் ஆள் எதற்கு என்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்குமுன் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அண்மையில், இளைஞர் சிலரோடு நடந்தேன். எங்களுடன் வந்தவர் அறுபது வயதைக் கடந்த மலையாளிப் பெரியவர். மலையாளி என்றவுடன் கேரளத்தை நினைக்க வேண்டா. ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், கொல்லி மலைகளில் வாழும் தமிழ்ப் பழங்குடியினர் இவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கிவரும் மரபுச் செய்தி. பட்டணத்தை விட்டு மலைக்குப் போனவர்கள்! நம்மைப்போல் ஞாயிறு மாலை திரும்பிவிடாமல், அங்கேயே தங்கிச் சாமை விதைத்தவர்கள். பெரியவர் முன்னே செல்ல, நாங்கள் பின்னே சென்றோம். ஒரு வளைவில் அவர் நின்று கையை உயர்த்தினார். வழியோரத்துப் புற்று ஒன்று பறிக்கப்பட்டிருந்தது. "கரடி பறிச்ச புத்து சாமி. மண்ணு இன்னும் ஈரமா இருக்கு. கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றார். நின்றோம். காற்றை முகர்ந்தார், கல்லொன்றை எடுத்து மரத்தில் இருமுறை தட்டினார், பிறகு, "போவலாம்" என்றார். எங்கள் இளைஞர்கள் கையிலிருந்த வரைபடத்தில் அந்தப் புற்று இல்லை.

பிற்பகலில் அவர் வீட்டில் சாமைச் சோறு உண்டோம். பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். ஒரு மகன் பெங்களூரில் கட்டட வேலைக்கும், மற்றொருவன் குடகில் காப்பித் தோட்டத்திற்கும் போயிருந்தார்கள். ஊரில் பல வீடுகளின் நிலை அதுவே என்றார். நாங்கள் எந்த நகரத்து நெரிசலுக்கு அஞ்சி மலையேறினோமோ, அந்த நெரிசலுக்குள் அவர் பிள்ளைகள் பிழைப்புக்காக இறங்கிப் போயிருந்தார்கள். அவர்கள் கலவை சுமந்து எழுப்பும் அடுக்குமாடிகளில் குடியிருந்துகொண்டுதான் நம்மவர்கள் 'மூச்சு முட்டுகிறது, மலைக்குப் போவோம்' என்கிறார்கள்.

ஜவ்வாது மலை சந்தனத்திற்குப் பெயர்பெற்றது. வெட்டியும் கடத்தியும் அச்செல்வத்தில் பெரும்பகுதியை அழித்தாயிற்று. மரம் வெட்டத் தெரிந்த கைகளுக்கு இடைத்தரகர்கள் கூலியாசை காட்டி ஆந்திரத்துச் செம்மரக் காடுகளுக்கு அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவற்படையினர் சுட்டு 20 தமிழகத் தொழிலாளர் மாண்டார்கள். அவர்களுள் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நாம் அழகைத் தேடிப் போகும் மலையில் வேலையைத் தேடி வெளியேறும் மக்கள் இருக்கிறார்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசும்போது இதனை நினைவில் வையுங்கள். அவருடைய ஒருநாள் கூலி, நம் பிள்ளைகள் திரும்பும் வழியில் நெடுஞ்சாலை உணவகத்தில் குளிர்பானத்திற்கும் வறுவலுக்கும் செலவழிப்பதைவிடக் குறைவாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மதிய உணவையும் நகரத்திலிருந்து பொட்டலமாகக் கட்டிச் செல்லாமல், முன்கூட்டிச் சொல்லி அங்குள்ள வீட்டில் சமைக்கச் செய்து, உரிய விலை கொடுங்கள். தேனும் புளியும் கடுக்காயும் சாமை அரிசியும் அவர்களிடமே வாங்குங்கள்.

பிறர் வீட்டிற்குள் நுழையும்போது எப்படி நடந்துகொள்வோமோ, காட்டிலும் அப்படியே. கொடைக்கானல் மலைச்சரிவில் வெள்ளகவி என்னும் ஊர் உண்டு. அங்கே தெருவில் யாரும் காலணி அணிவதில்லை. நடைக்குப் போகிறவர்களும் ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதற்கு மறுப்புச் சொல்லாத இளைஞர்கள், அடுத்த காட்டில் பாட்டுப்பெட்டியை அலறவிடுகிறார்கள். குரங்குகளுக்கு ரொட்டி எறிவது இரக்கச் செயல் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். எறிந்து பழக்கிய குரங்கு, அடுத்துவரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும், கடிக்கவும் கடிக்கும். பாறைகளில் மலைத்தேனீக் கூடு தொங்கும் இடங்களில் கூச்சலும் புகையும் ஆபத்தானவை. கொண்டுசெல்லும் நெகிழிப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் தனியே எழுதத் தேவையில்லை. ஆனால் நம் பங்கிலிருந்து போன பேருந்து ஒன்றைப் பற்றி எனக்கு வந்த செய்தியை வைத்துப் பார்த்தால் தேவைதான் போலிருக்கிறது.

ஞாயிறு திருப்பலி என்னாவது என்று சிலர் கேட்பார்கள், கேட்க வேண்டும். சனிக்கிழமை விடியலில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய இடங்களையே நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சனி மாலைத் திருப்பலியில் பங்குகொண்டால் ஞாயிற்றுக் கடமை நிறைவேறும். மற்றபடி குருக்களுக்கும் காட்டுநடைக்கும் பகை இல்லை. 1950களில் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் கரோல் வொய்த்திவா என்னும் இளங்குரு, கல்லூரி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மலைகளுக்கும் ஆறுகளுக்கும் போய்வந்தார். குருக்கள் இளைஞர் குழு நடத்துவதைப் பொதுவுடைமை அரசு அனுமதிக்காத காலம். ஆகவே பிறர் கேட்கும்படி 'சாமி' என்று அழைக்க வழியில்லை. மாணவர்கள் அவரை 'வூயெக்', அதாவது மாமா, என்று அழைத்தார்கள். படகைக் கவிழ்த்துப் பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றுவார்கள். 1958 கோடையில் படகுப் பயணத்தில் இருந்தபோதுதான் அவர் துணை ஆயராக நியமிக்கப்பட்ட செய்தி வந்தது. பிற்காலத்தில் அவரே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். அந்த மாணவர்களுக்குக் காடு என்பது நகரத்திலிருந்து மட்டுமன்று, நகரத்தில் எப்போதும் தங்களைக் கண்காணித்த கண்களிலிருந்தும் கிடைத்த விடுதலை. நம் பிள்ளைகளையும் ஓயாமல் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது அவர்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்கில் முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் தவிப்பார்கள். அதன்பின் பேசத் தொடங்குவார்கள். அப்பாவோடு பதினைந்து வயதுப் பையன் தானாகப் பேசும் இடம் அதுவானால், அந்த மூதாட்டியின் மகன் மாதந்தோறும் போகட்டும். பாட்டியையும் காட்டின் விளிம்புவரை அழைத்துச் செல்லட்டும். எந்தக் கீரை உண்ணத்தக்கது, எந்த விறகு புகையாது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் யார்?

முதன்முறையாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். அதனை மற்றொருவர் பையில் வைக்க வேண்டா, தத்தம் பையிலேயே வைக்கவும். கணுக்கால் மூடும் காலணி; காய்ந்த சருகில் கண்ணாடி விரியன் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. சருகுமேட்டையும் கல்லிடுக்கையும் கோலால் தட்டிவிட்டுக் கால் வையுங்கள். கை வைக்க வேண்டா. வாசனைத் தைலம் பூச வேண்டா. எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று கிலோமீட்டர் போதும். அவர்கள் எறும்புப் புற்றருகே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப வேண்டா, குகை எங்கும் போய்விடாது. வெயில் ஏறுமுன், பத்து மணிக்குள், நடையின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். மழை ஓய்ந்த மார்கழியும் தையும் சென்னைக்கு அண்மையிலுள்ள காடுகளுக்கு நல்ல பருவம். காணும் பொங்கலை ஒட்டிய நாள்களில் பூண்டியில் கூட்டம் நெருக்கும். அதற்கு அடுத்த சனிக்கிழமை போங்கள்.